வாக்கர், ஃபுல்லர், டக்கர்: ஒரே தொழிலாளிக்கு மூன்று குடும்பப்பெயர்கள்

வாக்கர் என்ற ஆங்கிலக் குடும்பப்பெயர் கால்நடையாகச் செய்தி சுமந்து சென்ற தூதர்களுக்கு ஏற்பட்டதா, ஃபுல்லர், டக்கர் ஆகிய பெயர்களுக்கும் அதற்கும் உறவு உண்டு என்று சிலர் சொல்வது உண்மையா, ஒரு குடும்பத்தின் பெயர் வாக்கர் என்று இருந்தால் அதன் மூதாதையர் செய்த தொழிலை உறுதியாகச் சொல்லிவிடலாமா என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு விடை, இல்லை என்பதுதான். வாக்கர் என்பவர் வழி நடந்தவர் அல்லர், கம்பளித் துணியை மிதித்தவர். இரண்டாவது உண்மையே. மூன்று பெயர்களும் ஒரே வேலையைச் செய்த ஆளைக் குறித்தவை. அந்த ஆள் இங்கிலாந்தின் எந்தப் பகுதியில் வாழ்ந்தார் என்பதைப் பொறுத்து ஊரார் அவரை அழைத்த சொல் மாறியது. மூன்றாவது கேள்விக்கு ஒரே வரியில் விடை கிடையாது என்பதால் அதைக் கடைசியில் எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வேலை என்ன என்பதை முதலில் விளக்கிவிட வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அதற்கு நேரான தொழில் இருந்ததில்லை, அதனால் சொல்லும் இல்லை. தறியிலிருந்து இறங்கிய கம்பளித் துணி அப்படியே உடுத்தத் தகுந்ததாக இருக்காது. ஆட்டு ரோமத்துக்கு இயல்பாக உள்ள கொழுப்பும், அதைச் சிக்கெடுத்து நூற்கும்போது வழுவழுப்புக்காகத் தடவிய எண்ணெயும் வெண்ணெயும் அதில் படிந்திருக்கும். பாவுக்கும் ஊடைக்கும் இடையே கண் கண்ணாக இடைவெளி தெரியும். அந்தத் துணியைத் தொட்டியில் போட்டு, தண்ணீரும் புளித்த சிறுநீரும் ஒருவகைக் களிமண்ணும் சேர்த்து, இரண்டு மூன்று ஆட்கள் இறங்கி மணிக்கணக்கில் மிதிப்பார்கள். சிறுநீர் நாள்பட்டால் அதில் அம்மோனியா உண்டாகிறது. அது கொழுப்போடு கலந்து சோப்பைப் போல வேலை செய்கிறது. களிமண் எஞ்சிய எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. அதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கிறது: ரோம இழையின் மேற்பரப்பில் மீன் செதிலைப் போல மிக நுண்ணிய செதில்கள் உண்டு. ஈரமும் சூடும் அழுத்தமும் சேரும்போது அவை ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. துணி சுருங்கித் தடிக்கிறது, இழைகளுக்கு இடையே இருந்த கண்கள் மூடிக்கொள்கின்றன. ஊட்டிக்குப் போவதற்காக வாங்கிய கம்பளிச் சட்டையை வெந்நீரில் ஊறவைத்து அடித்துத் துவைத்துவிட்டு, அது குழந்தைச் சட்டையாகச் சுருங்கிவிட்டதைப் பார்த்துத் திகைத்தவர்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை. வீட்டில் தவறுதலாக நடப்பதை அவர்கள் அளவறிந்து, வேண்டுமென்றே செய்தார்கள். எவ்வளவு சுருங்கும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் அகலத் துணிகளைத் தேவைக்கு மேல் மிக அகலமாக நெய்தார்கள்.

மிதித்து அலசிய துணியை நீண்ட மரச்சட்டங்களில், இரு விளிம்பிலும் வளைந்த சிறு கொக்கிகளில் மாட்டி, விறைப்பாக இழுத்து வெயிலில் காயவைப்பார்கள். அந்தக் கொக்கிகளை வைத்தே, பதற்றத்தில் தவிப்பதைக் குறிக்கும் ஒரு மரபுத்தொடர் ஆங்கிலத்தில் இன்றும் வழங்குகிறது. இப்படித் திறந்தவெளியில் கிடந்த துணி திருடர்களுக்கு நல்ல வேட்டையாக இருந்தது. யார்க்ஷயரின் ஹாலிஃபாக்ஸ் நகரில் 13½ பென்னி மதிப்புக்குத் திருடியவர் கையும் களவுமாக அகப்பட்டால் தலையை வெட்டும் பொறி ஒன்றே இருந்தது. 1650 வரை அது பயன்பட்டது. துணி அந்த ஊருக்கு என்னவாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பருத்தி இழையில் இந்தச் செதில்கள் இல்லை. எவ்வளவு மிதித்தாலும் பருத்தித் துணி இப்படித் தடிக்காது. பருத்தி நெய்த நம் தமிழ்நாட்டில் இந்த வேலைக்குத் தனித் தொழிலாளி தோன்றாததற்கு அதுவே காரணம். தமிழ் விவிலியத்தில் இதற்கு அழகான ஒரு தடயம் இருக்கிறது. மாற்கு நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தில் இயேசுவின் உடை ஒளிர்ந்ததைச் சொல்லும் இடத்தில், கிரேக்க மூலத்தில் இருப்பது கம்பளித் துணியைப் பதப்படுத்துபவரைக் குறிக்கும் சொல். தமிழில் மொழிபெயர்த்தவர்கள் 'பூமியிலே எந்த வண்ணானும் வெளுக்கக்கூடாத' வெண்மை என்று எழுதினார்கள். வேறு என்ன எழுதியிருக்க முடியும்? இருந்தாலும் வெளுப்பவர் வேறு, மிதிப்பவர் வேறு. அவர் அழுக்குத் துணியை வாங்கித் திருப்பித் தருபவர், இவர் இன்னும் யாரும் உடுத்தாத துணியை உடுத்தும் நிலைக்குக் கொண்டுவருபவர். ஆனால் இந்தத் தொழிலின் ஒரு பொருள் நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. முகத்துக்குப் பூசிக்கொள்ளும் முல்தானி மட்டிப் பொட்டலத்தில் ஆங்கிலத்தில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று பாருங்கள்: 'ஃபுல்லரின் மண்' என்று இருக்கும். துணியின் எண்ணெயை உறிஞ்சிய அதே வகைக் களிமண்தான் முகத்தின் எண்ணெயையும் உறிஞ்சுகிறது. இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்து நட்ஃபீல்டில் அது பெருமளவில் வெட்டி எடுக்கப்பட்டது. நாட்டின் துணித் தொழிலுக்கு அது அவ்வளவு முக்கியமாக இருந்ததால், 17ஆம் நூற்றாண்டில் அதை வெளிநாட்டுக்கு அனுப்பவே தடை விதித்திருந்தார்கள்.

மூன்று பெயர்களுக்கு வருகிறேன். ஃபுல்லர் என்பதன் வேர் லத்தீன். ரோமில் இந்தத் தொழிலாளியை 'ஃபுல்லோ' என்றார்கள். பேரரசன் வெஸ்பாசியன் சிறுநீருக்கு வரி விதித்து, முகம் சுளித்த மகனிடம் காசை முகரச் சொல்லி 'நாறுகிறதா' என்று கேட்டதாக வழங்கும் கதையின் பின்னணியிலும் சிறுநீரை வாங்கிப் பயன்படுத்திய இத்தகைய தொழில்கள்தான் இருக்கின்றன. லத்தீன் சொல் பழைய ஆங்கிலத்தில் 'ஃபுல்லெரே' என்று நுழைந்தது. 1066இல் பிரான்சிலிருந்து நார்மானியர் படையெடுத்து வந்த பிறகு, அதே லத்தீன் வேரிலிருந்து வந்த பிரெஞ்சுச் சொல்லும் வந்து சேர்ந்து அதற்கு வலுவூட்டியது.

வாக்கர் என்பது ஜெர்மானிய வேருடையது. இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 'துணி மேல் நடந்ததால் வாக்கர்' என்ற விளக்கம் பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. வேலையைப் பொறுத்தவரை அது பொய்யில்லை, உண்மையிலேயே அவர்கள் துணி மேல் நடந்தார்கள். ஆனால் சொல்லின் வரலாறு தலைகீழானது. 'வெயல்கன்' என்ற பழைய ஆங்கில வினைக்கு உருளுதல், புரளுதல், அலை போல ஆடி அலைதல் என்றுதான் பொருள். கால்களால் நடப்பது என்ற பொருள் அதற்குப் பின்னால்தான் நிலைபெற்றது. துணியைப் புரட்டிப் பிசைபவர் என்ற பொருளில் 'வெயல்கெரே' என்ற பெயர், நடத்தல் என்ற பொருள் பரவுவதற்கு முன்பே பழைய ஆங்கிலச் சொல்விளக்கங்களில் லத்தீன் 'ஃபுல்லோ'வுக்கு ஈடாகக் காணப்படுகிறது. ஐரோப்பிய மொழிகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஜெர்மன் மொழியில் 'வால்கென்' என்றால் இன்றும் துணியை அல்லது தோலைப் பிசைந்து இறுக்குதல். நடத்தல் என்ற பொருள் அங்கே இல்லவே இல்லை. அதே வேர் இத்தாலிய மொழிக்குள் புகுந்து 'குவால்கியேரா' ஆயிற்று. ஃபிளாரன்ஸ் நகருக்கு அருகே ஆர்னோ ஆற்றங்கரையில் துணியைத் தடிக்கவைத்த பழைய ஆலைத்தொகுதி ஒன்று அந்தப் பெயருடன் நிற்கிறது. எனவே வாக்கர் என்ற பெயர் 'நட' என்ற வினையிலிருந்து பிறந்ததன்று. இரண்டுக்கும் பாட்டி ஒருத்தி என்பதே சரி.

டக்கர் என்ற பெயரைக் கேட்டதும் நம் பேச்சு வழக்கிலுள்ள 'டக்கர்' நினைவுக்கு வந்து சிரிப்பு வரலாம், இரண்டுக்கும் உறவில்லை. 'டூகியன்' என்ற பழைய ஆங்கில வினைக்கு வதைத்தல், துன்புறுத்துதல் என்று பொருள். இழுத்தல், அடித்தல் என்று அது நகர்ந்து, தென்மேற்கு இங்கிலாந்தில் துணியை அடித்துப் பதப்படுத்துவதற்கான சொல்லாக நிலைத்தது. சட்டையைக் காற்சட்டைக்குள் செருகுவதை 'டக்' என்கிறோமே, அதுவும் இந்தச் சொல்லின் வழிவந்ததுதான். துணி படும் பாட்டைக் கருதினால், மூன்றில் பொருத்தமான பெயர் இதுவே என்பது என் எண்ணம்.

இந்த மூன்று சொற்களும் ஒரே பொருளுடையவை என்பதை அக்காலத்தவர் நன்றாக அறிந்திருந்தார்கள். முன்பு சொன்ன அதே மாற்கு வசனத்தைப் பாருங்கள். சுமார் 1000ஆம் ஆண்டைச் சேர்ந்த பழைய ஆங்கில நற்செய்தியில் 'ஃபுல்லெரே' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார்கள். 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் விக்ளிஃப் குழுவினர் விவிலியத்தை மொழிபெயர்த்தபோது, 'ஃபுல்லர், அல்லது துணி வாக்கர்' என்று இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். தெற்கத்தியருக்கு ஒரு சொல், வடக்கத்தியருக்கு ஒரு சொல் என்று இரு சாராருக்கும் புரியவேண்டும் என்ற கவலை அதில் தெரிகிறது. ஏறக்குறைய அதே காலத்தில் வில்லியம் லாங்லண்ட் எழுதிய 'பியர்ஸ் பிளவ்மன்' என்ற நெடுங்கவிதையில், நெய்து இறங்கிய துணி காலடியிலோ ஆலைச் சம்மட்டியிலோ மிதிபட்டு, அலசப்பட்டு, முள்ளால் கோதப்பட்டு, இழுத்துக் காயவைக்கப்பட்டுத் தையற்காரர் கைக்குப் போனால்தான் உடுத்த ஏற்றதாகும் என்று ஒரு பகுதி வருகிறது. அங்கே ஃபுல்லருக்கும் டக்கருக்கும் உரிய வினைகள் இரண்டும் சில வரிகளுக்குள் அடுத்தடுத்து நிற்கின்றன.

இனி நிலப்படம். 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தப் பெயர்களை வரைபடத்தில் குறித்தால், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய பேச்சு வழக்கின் எல்லைகள் மங்கலாகவேனும் மேலெழுந்து வருகின்றன. டெவன், காரன்வால், சோமர்செட் ஆகிய தென்மேற்கு மாவட்டங்களில் டக்கர். சசெக்ஸ், கென்ட் தொடங்கி சஃபோக், நார்ஃபோக் வரை தென்கிழக்கிலும் கிழக்கிலும் ஃபுல்லர். யார்க்ஷயர், லங்காஷயர், டார்பிஷயர் என்று வடக்கிலும் நடுநாட்டிலும், எல்லை தாண்டி ஸ்காட்லாந்திலும் வாக்கர். ஊர்ப்பெயர்களும் இதையே சொல்கின்றன. காரன்வாலின் கேம்போர்ன் நகரை ஒட்டி டக்கிங்மில் என்ற ஊர் இருக்கிறது. வடக்கே போனால் வாக்மில் என்ற பெயர்கள் தென்படும். எக்ஸெட்டர் நகரில் நெசவாளர், துணி மிதிப்பவர், துணியின் மயிர் கத்தரிப்பவர் ஆகியோரின் சங்கம் 1471இல் கட்டிய மண்டபம் இன்றும் நிற்கிறது. அதன் பெயர் டக்கர்ஸ் ஹால். அதே சங்கம் யார்க்ஷயரில் இருந்திருந்தால் அந்தக் கட்டடம் வாக்கர் பெயரில் இருந்திருக்கும்.

துணித் தொழிலின் மற்றப் பெயர்களிலும் இந்தப் பிரிவினை உண்டு. நெசவாளிக்குத் தெற்கிலும் நடுநாட்டிலும் வெப், தென்மேற்கில் வெப்பர், வடக்கிலும் கிழக்கிலும் வெப்ஸ்டர். சாயக்காரருக்குப் பொதுவாக டையர். ஸ்காண்டிநேவியர் குடியேறிய யார்க்ஷயரிலும் நார்ஃபோக்கிலும் அவர்களுடைய மொழியிலிருந்து வந்த லிஸ்டர். ஆனால் மூன்று வெவ்வேறு வேர்களிலிருந்து மூன்று பெயர்கள் பிறந்து, மூன்றும் இவ்வளவு தெளிவாக நிலத்தைப் பங்கிட்டுக்கொண்டது துணி மிதிப்பவர் விஷயத்தில்தான் என்பதால், பெயராய்வாளர்கள் இதைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த எல்லைகள் கோடு போட்டதுபோல் இல்லை. 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் ஒரு பெயர் தனக்குரிய பகுதிக்கு வெளியிலும் கிடைக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்த ஆவணங்களை எழுதியவர்கள் லத்தீனிலும் பிரெஞ்சிலும் எழுதினார்கள் என்பதுதான். ஊரில் எல்லோரும் வாக்கர் என்றே அழைத்த ஒருவரை, எழுத்தர் லத்தீனில் 'ஃபுல்லோ' என்று பதிந்துவிட்டுப் போயிருப்பார். ஆகவே வடக்கத்திய ஆவணத்தில் ஒரு 'ஃபுல்லோ' அகப்பட்டால், அங்கே ஃபுல்லர் என்ற சொல் வழங்கியது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆவணத்தின் மொழி வேறு, தெருவின் மொழி வேறு. ஆங்கிலச் சொல்லை எழுத்தர் அப்படியே விட்டுவைத்த இடங்களே நமக்கு உண்மையான சாட்சி.

இந்தப் பெயர்கள் தொழிலிலிருந்து பிரிந்து குடும்பத்தோடு ஒட்டிக்கொண்டது எப்போது? நார்மானியப் படையெடுப்புக்கு முன் இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப்பெயர் என்ற வழக்கமே இல்லை. பெரிய நிலவுடைமையாளர் குடும்பங்கள் முதலில் தொடங்கின. 13ஆம், 14ஆம் நூற்றாண்டுகளில் சாதாரண மக்களிடமும் அது பரவியது. தெற்கில் முந்தியும் வடக்கில் பிந்தியும் நிலைத்தது. ஜான், வில்லியம், ராபர்ட் என்று ஒரு கைப்பிடிப் பெயர்களையே ஊர் முழுவதும் வைத்துக்கொண்டிருந்தபோது, எந்த ஜான் என்று சொல்ல அடைமொழி தேவைப்பட்டது. அதற்கு ஊருக்கு ஒருவர் இருவரே செய்யும் தொழில்தான் உதவும். எல்லோரும் உழும் ஊரில் 'உழவர் ஜான்' என்றால் யாரையும் அடையாளம் காட்டாது. கொல்லர் ஜான், மிதிப்பவர் ஜான் என்றால் உடனே விளங்கும். ஸ்மித் என்ற பெயர் இங்கிலாந்தில் முதலிடம் பிடித்ததற்கும், உழவுத் தொழிலின் பெயர்கள் உழவர்களின் எண்ணிக்கைக்கு ஏற்றபடி பெருகாததற்கும் இதுவே காரணம்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் ஒரு செய்தி உண்டு. இந்தப் பெயர்கள் மக்களிடையே நிலைத்துக்கொண்டிருந்த அதே நூற்றாண்டுகளில், கால்கள் அந்த வேலையை விட்டு விலகிக்கொண்டிருந்தன. நீர்ச்சக்கரத்தின் அச்சில் பதித்த முளைகள் கனமான மரச் சம்மட்டிகளை ஒன்று மாற்றி ஒன்றாகத் தூக்கித் தொட்டியிலுள்ள துணிமேல் விழவிடும் ஆலைகள் 12ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்கு வந்துவிட்டன. 1185இல் டெம்ப்ளர் என்ற போர்த்துறவிகள் தங்கள் சொத்துகளைக் கணக்கெடுத்தபோது, யார்க்ஷயரில் ஒன்றும் காட்ஸ்வோல்ட் பகுதியில் ஒன்றுமாக இத்தகைய ஆலைகள் பதிவாயின. அடுத்த நூறு ஆண்டுகளில் ஓடை ஓடிய மலைச்சரிவுகளெல்லாம் இவை பரவின. துணியைத் தொட்டியில் போட்டு, அவ்வப்போது புரட்டிவிட்டு, தடித்தது போதுமா என்று பார்க்க ஓர் ஆள் இருந்தால் போதும். அந்த ஆளையும் ஊர் வாக்கர் என்றே அழைத்தது, ஆலையையும் வாக் ஆலை என்றே சொன்னது. ஆகவே இன்றுள்ள வாக்கர் குடும்பங்களில் பலவற்றின் முதல் வாக்கர், துணியைக் காலால் மிதித்தவராக இல்லாமல் சம்மட்டி ஆலையைக் கவனித்துக்கொண்டவராகவே இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஆலையை எல்லோரும் வரவேற்றார்கள் என்று எண்ண வேண்டாம். ஆற்று நீருக்கும் ஆலைக்கும் உரிமையாளர் நிலப்பிரபு அல்லது மடம். தன் ஆலையில்தான் துணியைக் கொடுக்க வேண்டும், அதற்குக் கட்டணமும் கட்ட வேண்டும் என்று அவர் சொல்வார். ஹார்ட்ஃபர்ட்ஷயரின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத் தலைவருக்கும் நகர மக்களுக்கும் 1270களில் இதன்பேரில் கடும் வழக்கு நடந்தது. மக்கள் வீட்டுத் தொட்டியிலேயே துணியைப் பதப்படுத்திக்கொண்டு மடத்தின் ஆலையைப் புறக்கணித்தார்கள். லண்டனில் எதிர்ப்பு வேறு திசையிலிருந்து வந்தது: பிறருடைய துணியை நகருக்கு வெளியே ஸ்ட்ராட்ஃபர்ட் முதலிய இடங்களிலுள்ள ஆலைகளுக்கு அனுப்புவதால் நகரத்துத் தொழிலாளர் பிழைப்பு கெடுகிறது என்று 1298இல் அதற்குக் கட்டுப்பாடு விதித்தார்கள். ஆனாலும் தண்ணீர் இருந்த இடத்துக்கே தொழில் நகர்ந்தது. நூற்றாண்டுகள் கழித்து, 1698இல் சீலியா ஃபைன்ஸ் என்ற பெண் பயணி எக்ஸெட்டரில் இந்த ஆலைகளைப் பார்த்துக் குறித்து வைத்தார். துணியை முதலில் சிறுநீரில் ஊறவைத்துப் பிறகு சோப்பு இட்டு ஆலைக்குக் கொடுப்பதையும், பெரிய பற்களைப் போன்ற வெட்டுகள் உள்ள மரங்கள் துணியை உள்ளே இழுப்பதையும், அது கிழிந்துவிடும் என்று தோன்றினாலும் கிழியாததையும் அவர் வேடிக்கை பார்த்தபடி எழுதியிருக்கிறார். லங்காஷயரின் ஹெல்ம்ஷோரில் 1789இல் கட்டிய இத்தகைய ஆலை ஒன்று அருங்காட்சியகமாகியுள்ளது. சக்கரமும் சம்மட்டிகளும் அங்கே இருக்கின்றன.

கையும் காலும் இந்த வேலையில் கடைசிவரை நிலைத்த இடம் ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகள். அங்கே பெண்கள் நீண்ட பலகையைச் சுற்றி அமர்ந்து, ஈரக் கம்பளித் துணியைத் தாளத்துக்கு ஏற்ப அடித்துச் சுற்றிவிட்டபடி கேலிக் மொழியில் பாடுவார்கள். ஒருத்தி ஒரு வரி எடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடும் அந்த முறை, நாற்று நடும் நம் பெண்களின் பாட்டை ஒத்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை அது வேலைப்பாட்டாகவே வழங்கியது. கேலிக் மொழியில் துணி மிதிப்பவரின் மகன் என்ற பொருளில் 'மக் அன் ஊகடர்' என்ற குடும்பப்பெயர் இருந்தது. ஆங்கிலம் பரவியபோது அந்தக் குடும்பங்களில் பல தங்கள் பெயரை மொழிபெயர்த்து வாக்கர் ஆக்கிக்கொண்டன. வேல்ஸில் தந்தை பெயரே குடும்பப்பெயரானதால் தொழிற்பெயர்கள் அரிது. ஆனால் ஊர்ப்பெயர்களில் தொழில் தங்கியிருக்கிறது. 1910இல் சுரங்கத் தொழிலாளர் கலவரத்தால் பெயர் பெற்ற டோனிபாண்டியின் பெயரிலுள்ள 'பாண்டி', துணி தடிக்கவைக்கும் ஆலைதான். மதுரைப் பாண்டியரை அங்கே தேட வேண்டியதில்லை.

வாக்கர் மட்டும் ஃபுல்லரையும் டக்கரையும் விடப் பல மடங்கு பெருகி, பிரிட்டனில் மிகப் பரவலான இருபது குடும்பப்பெயர்களுக்குள் இடம் பிடித்தது ஏன் என்று நீங்கள் கேட்கக்கூடும். அந்தச் சொல் வழங்கிய நிலப்பரப்பு பெரியது என்பது ஒரு காரணம். வடக்கில் குடும்பப்பெயர்கள் பிந்தி நிலைத்தன. அந்த நேரத்தில் யார்க்ஷயர்ப் பள்ளத்தாக்குகளில் கம்பளித் தொழில் வளர்ந்துகொண்டிருந்தது என்பது இன்னொன்று. 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளில் லீட்ஸ், பிராட்ஃபர்ட், மான்செஸ்டர் என்று வடக்கத்திய நகரங்கள் வீங்கிப் பெருத்தபோது, அந்த வட்டாரத்துப் பெயர்களும் கூடவே பெருகின. டெவன் அப்படி வளரவில்லை. இவற்றில் எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கடினம். மூன்றாவதே பெரியது என்பது என் கருத்து.

இப்போது உங்கள் மூன்றாவது கேள்வி. வாக்கர் என்ற பெயருடைய குடும்பத்தின் முன்னோர் ஒருவர், ஏறக்குறைய 13 முதல் 15ஆம் நூற்றாண்டுக்குள், துணி மிதிக்கும் தொழிலில் இருந்தார் என்று சொன்னால் பெரும்பாலும் தவறாகாது. சில விலக்குகள் உண்டு. நியூகாசிலை ஒட்டி வாக்கர் என்றே ஓர் ஊர் இருக்கிறது. ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரையும் சதுப்பு நிலத்தையும் சேர்த்து ஏற்பட்ட பெயர் அது. அங்கிருந்து வெளியேறிய சிலருக்கு ஊரே பெயராகியிருக்கலாம். அரச காடுகளில் எல்லை சுற்றிவந்த காவலருக்கும் வாக்கர் என்ற பதவிப்பெயர் பின்னாளில் இருந்தது. ஆனால் குடும்பப்பெயர் அதற்கு வெகுகாலம் முந்தியது. அயர்லாந்து டக்கர்களில் பலர் 'ஓ டுவாகர்' என்ற பழைய ஐரிஷ் குலப்பெயரை ஆங்கில ஒலிக்கு மாற்றிக்கொண்டவர்கள். துணியோடு அவர்களுக்குத் தொடர்பில்லை. அமெரிக்க வாக்கர்களில் தென்ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் வந்தவர்களும் உண்டு. தொழில் அதேதான், நாடு வேறு. அடிமை முறையின் வழியாக இந்தப் பெயரைப் பெற்ற கறுப்பின அமெரிக்கக் குடும்பங்களுக்கு அது யார்க்ஷயர் முன்னோரைக் காட்டாது.

இன்னொன்று: பெயர் நிலைத்த பிறகு தொழில் மாறிக்கொண்டே இருந்தது. 1381 உழவர் எழுச்சியில் நார்ஃபோக் கலகக்காரர்களுக்குத் தலைமை தாங்கிய ஜெஃப்ரி லிட்ஸ்டர், பெயருக்கு ஏற்பச் சாயக்காரராகவே இருந்தார். அந்தக் காலத்தில் பெயரும் தொழிலும் இன்னும் கை கோத்திருந்தன. 1833இல் வில்ட்ஷயரின் டிரோபிரிட்ஜ் நகரில் சம்மட்டி ஆலைக்குப் பதிலாக உருளைகளால் துணியைத் தடிக்கவைக்கும் இயந்திரத்தைக் கண்டுபிடித்து, ஃபுல்லர், வாக்கர், டக்கர் மூவரின் பழைய தொழிலையும் முடித்துவைத்தவரின் பெயர் ஜான் டையர். சாயக்காரர் பெயருடையவர் மிதிப்பவரின் வேலையை மாற்றியமைத்தார். அதற்குள் பெயர் வெறும் பெயராகிவிட்டிருந்தது.

வாக்கர்கள் எல்லோரும் ஒரே வம்சம் என்பதும் இல்லை. நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியே தோன்றிய பெயர் இது. அதனால் 'வாக்கர் குடும்பச் சின்னம்' என்று கேடயம் அச்சிட்டு விற்பவர்களிடம் காசைக் கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் கேடயச் சின்னம் தனி மனிதருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் வழங்கப்பட்டதே அன்றி, ஒரு பெயருக்கு வழங்கப்பட்டதன்று. குறிப்பிட்ட ஒரு குடும்பத்தைத் தேடுவதாக இருந்தால், முதலில் 1881 கணக்கெடுப்பில் அவர்கள் எந்த ஊரில் இருந்தார்கள் என்று பாருங்கள். பிறகு அந்த ஊர்த் தேவாலயத்தின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவேடுகளைப் பாருங்கள். அவற்றை எழுதிவைக்கும்படி 1538இல் ஆணை பிறந்ததால், ஏடு அழியாத இடங்களில் அதுவரை போக முடியும். அதற்கும் பின்னே போக வேண்டுமானால் 1377, 1379, 1381 ஆண்டுகளின் தலைவரிப் பட்டியல்கள் இருக்கின்றன. யார்க்ஷயரின் மேற்குப் பகுதிக்கான 1379 பட்டியல் குறிப்பாகப் பயனுள்ளது; அதில் பலருக்குப் பெயரோடு தொழிலும் தனியே எழுதப்பட்டிருப்பதால், ஒரு வாக்கர் அப்போதும் துணி மிதித்துக்கொண்டிருந்தாரா, வேறு வேலைக்குப் போய்விட்டாரா என்பதைச் சில இடங்களில் நேராகவே பார்த்துவிடலாம்.

நடந்து போகும் மனிதரின் படம் உங்கள் மனத்தில் பதிந்ததற்குக் காரணம் விஸ்கிப் புட்டியாகக்கூட இருக்கலாம். ஸ்காட்லாந்தின் கில்மார்னக்கில் 1820இல் மளிகைக் கடை வைத்த ஜான் வாக்கரின் பெயரில் வந்த அந்தச் சரக்குக்கு, கைத்தடியோடு வீறுநடை போடும் கனவானை 1908இல் டாம் பிரவுன் என்ற ஓவியர் வரைந்து கொடுத்தார். தொப்பி, சிவப்புக் கோட்டு, முழங்கால்வரை பளபளக்கும் பூட்ஸ் என்று அவருக்கு எல்லாம் போட்டிருக்கிறார்கள். சிறுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவர் முதலில் கழற்றி வைப்பது அந்த பூட்ஸைத்தான்.